வாசிப்புக் கருவிக்கு நான்கெல்லை

வேதநாயகிக்கு வாசிக்க வராது என்று சான்றிதழ் வாங்க வேண்டுமானால், 'எனக்கு வாசிக்க வராது' என்று தொடங்கும் உறுதிமொழியை அவள் மருத்துவக் குழுவின் முன் நின்று உரக்க வாசிக்க வேண்டும் என்று விதி இருந்தது. விதியை எழுதியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததால் அதை மாற்றவும் முடியவில்லை.

அவளுடைய அப்பா வைத்தியலிங்கத்துக்கு இதெல்லாம் புதிதில்லை. வேதாரண்யம் போகும் சாலையிலிருந்து வயல் வழியாக உள்ளே தள்ளியிருக்கும் வாய்க்கால்மேடு அவருடைய ஊர். கடைமடை. தண்ணீர் கடைசியாக வரும், வராமலும் போகும். அவர் உழுதது ஒரு கோயில் கட்டளைக்குச் சொந்தமான குத்தகை நிலம். நிலத்தை விட்டுப் போ என்று கட்டளைக்காரர்கள் போட்ட வழக்கு, வேதநாயகி பிறப்பதற்கு முன்பிருந்தே வருவாய் நீதிமன்றத்தில் வாய்தாவில் இருந்தது. அலுவலக வராந்தாவில் எந்தத் தூணுக்கு எந்த நேரம் நிழல் வரும் என்பது அவருக்கு அத்துபடி. பள்ளிக்கூட விஷயம் அப்படியிருக்காது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

வேதநாயகி ஒன்பதாவது படித்தாள். காதில் விழுந்தது எதுவும் அவளுக்கு மறக்காது. ஒருமுறை கேட்ட கணக்கை ஒரு மாதம் கழித்துச் சொல்வாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால்தான் வியர்த்துவிடும்.

"எழுத்து நிக்க மாட்டேங்குதுப்பா. ஒண்ணைப் புடிச்சா பக்கத்துல இருக்கிறது நழுவிடுது" என்பாள்.

பள்ளியில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஹமீதா பானு வந்த பிறகுதான் வேறு பெயர் கிடைத்தது. ஹமீதா பானு நாகூர்க்காரர். ஒப்பந்தச் சிறப்பாசிரியர். ஒரு தோள்பையோடு பஸ் மாறி மாறி, ஊர் ஊராகப் போய்க் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அவர்தான் வைத்தியலிங்கத்திடம் சொன்னார்.

"அண்ணே, இது சோம்பேறித்தனம் இல்ல. இவளுக்கு எழுத்து மூளையில வேற மாதிரி விழுது. கவர்மெண்டுல ஒரு வாசிப்புக் கருவி குடுக்குறாங்க. பக்கத்துக்கு நேரா புடிச்சா அதுவே சத்தமா வாசிக்கும். எந்த வார்த்தையை வாசிக்குதோ அதுக்கு மஞ்சள் கலர் அடிச்சும் காட்டும். கேட்டுக்கிட்டே பார்த்தா இவளுக்குப் பிடிபட்டுடும்."

"குடுப்பாங்களா டீச்சர்?"

"குடுக்கறதுக்குத்தான் திட்டம் போட்டிருக்காங்க" என்றார் ஹமீதா பானு. உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை.

மருத்துவக் குழு ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. கண் மருத்துவர், காது மருத்துவர், எலும்பு மருத்துவர் இருந்தார்கள். மனநல மருத்துவருக்கென்று ஒரு நாற்காலியும் அதன் மேல் ஒரு துண்டும் இருந்தன. கண்ணில் கோளாறில்லை, காதில் கோளாறில்லை, எலும்பும் உறுதி என்று வரிசையாக எழுதிவிட்டு, உறுதிமொழித் தாளை அவள் கையில் கொடுத்தார்கள்.

வேதநாயகி தடுமாறாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, முழுவதையும் சொன்னாள்.

"அருமையா வாசிக்கிறாளே! யாருய்யா இவளுக்கு வாசிக்க வராதுன்னது?" என்றார் கண் மருத்துவர்.

"அய்யா, அவ வாசிக்கல. முன்னாடி நின்ன பிள்ளைங்க சொன்னதைக் கேட்டு அப்படியே சொல்றா. தாளைப் பாருங்க, தலைகீழா புடிச்சிருக்கா" என்றார் வைத்தியலிங்கம்.

"தலைகீழா புடிச்சே வாசிக்கிறாளா! அடுத்த ஆளைக் கூப்பிடு."

அடுத்த முகாம் மழைக்காலம் முடிந்துதான் வந்தது. "இந்தத் தடவை வாயைத் தெறக்காதம்மா" என்று ஹமீதா பானு சொல்லியனுப்பியிருந்தார். அவளும் திறக்கவில்லை. குழு அவளை நெடுநேரம் பார்த்துவிட்டு, வாசிப்புத் திறனோடு பேச்சுத் திறனும் இல்லை என்று சேர்த்து எழுதியது. அதனால் குறைபாட்டின் சதவீதம் தேவையான அளவைத் தாண்டிவிட்டது. வைத்தியலிங்கம் திருத்தப் போகவில்லை. சரியாக எழுதிய தாளோடு அலைவதைவிடத் தப்பாக எழுதிய தாளோடு வீடு போய்ச் சேருவது மேல் என்பது அவருக்கு வருவாய் நீதிமன்றத்தில் கிடைத்த படிப்பு.

தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பு கருவிகளை வழங்கிவிட வேண்டும் என்று அவசரம் வந்தது. பந்தல் போட்டார்கள். கரைவேட்டி கட்டிய ஒன்றியச் செயலாளர் பேசினார்.

"ஒரு காலத்தில் ஒரு சிலருக்கு மட்டும்தான் படிப்பு என்று வைத்திருந்தார்கள். நாம் வந்து எல்லாரையும் படிக்க வைத்தோம். இன்று தலைவர் அதையும் தாண்டிவிட்டார். இனி யாருமே படிக்கத் தேவையில்லை! கருவி படிக்கும், பிள்ளைகள் நிம்மதியாக இருக்கும். நானே எட்டாவதோடு நின்றவன்தான். என்ன கெட்டுப்போய்விட்டேன்?"

கைதட்டினார்கள். பிறகு ஒரு பெட்டியை வேதநாயகியின் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அதே பெட்டியை வாங்கி அடுத்த பிள்ளையின் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பெட்டி காலி. கருவிகள் இன்னும் வந்து சேரவில்லை. தேர்தல் வருவது மட்டும்தான் உறுதியாகியிருந்தது.

ஒரு மாதம் கழித்து ஹமீதா பானு தன் தோள்பையில் அதை எடுத்துவந்தார். ஒரு பலகை, முன்னால் திரை, பின்னால் ஒரு கண்ணாடிப் பொட்டு. கண்ணாடிப் பொட்டைச் சுற்றித் தலைவரின் படம். பொத்தானை அழுத்தியதும் தலைவரின் சாதனைகளை ஒரு பெண்குரல் சொன்னது. அதை நிறுத்த வழியில்லை. சொல்லி முடிக்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். பிறகு வேதநாயகி அறிவியல் புத்தகத்தைத் திறந்து கருவியை அதற்கு நேரே பிடித்தாள்.

அது வாசித்தது. இலைகள் எப்படி உணவு தயாரிக்கின்றன என்று நிதானமாக வாசித்தது. மஞ்சள் நிறம் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தது. அவள் விரலை அதன் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு போனாள். பக்கம் முடிந்ததும் திரும்ப அதே பக்கத்தை வைத்தாள். மூன்றாவது முறையும் வைத்தாள்.

"அப்பா, இது சலிச்சுக்கவே மாட்டேங்குதுப்பா" என்றாள்.

வைத்தியலிங்கம் வாசலுக்குப் போய், வேலியில் காய்ந்துகொண்டிருந்த சாக்கை மடித்து, மடித்ததைப் பிரித்து, மறுபடியும் மடித்தார்.

அன்றிலிருந்து அவள் கண்ணில் பட்டதெல்லாம் வாசிக்கப்பட்டது. உர மூட்டை, தீப்பெட்டி, ரேஷன் கடைப் பலகை, கட்டளைக்காரர்கள் வேப்பமரத்தில் அடித்திருந்த எச்சரிக்கை. "இந்நிலத்தில் அத்துமீறிப் பிரவேசிப்போர்" என்று கருவி சொன்னபோது, "இது நம்மளையா சொல்லுது?" என்று அவள் அம்மா ஞானாம்பாள் கேட்டாள்.

மே மாதம் ஆட்சி மாறியது. பழைய தலைவரின் படத்தை மறைத்துப் புதிய தலைவரின் படத்தை ஒட்டச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. வந்த படம் பெரிது. கண்ணாடிப் பொட்டையும் சேர்த்து மூடிவிட்டது. எல்லா ஊரிலும் கருவிகளுக்குக் கண் அவிந்தது. ஹமீதா பானு மேலே எழுதிக் கேட்டார். படத்தை எடுக்கவோ நகர்த்தவோ கூடாது, மற்றபடி கருவியைத் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று பதில் வந்தது.

வேதநாயகி பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. ஊசியால் பொட்டிருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்து வட்டமாகக் கீறி எடுத்துவிட்டாள். அந்த இடம் தலைவரின் வலது கண்ணாக அமைந்துவிட்டது.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் வினாத்தாளைக் கருவியால் கேட்டு எழுத ஹமீதா பானு தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கித் தந்தார். எப்போதும் இருபதைத் தாண்டாதவள் சமூக அறிவியலில் அறுபத்திரண்டு வாங்கினாள். அந்த மதிப்பெண்ணால்தான் தொல்லை வந்தது.

தை மாதம் மறுஆய்வுக் குழு கூடியது. குழுவின் தலைவர் துணை ஆட்சியர் சிங்காரவேலு. அதிகாரிகள் பற்றாக்குறையால் அவர் ஏழெட்டுக் குழுக்களுக்குத் தலைவராக இருந்தார். வருவாய் நீதிமன்றத்தில் வைத்தியலிங்கத்தின் நில வழக்கை விசாரிப்பவரும் அவர்தான். மேசையில் வலதுபக்கம் நிலக் கோப்புகளும் இடதுபக்கம் பிள்ளைகள் கோப்புகளும் இருந்தன.

"நீ வலதா, இடதா?" என்று கேட்டார்.

"இன்னைக்கு இடது அய்யா" என்றார் வைத்தியலிங்கம்.

சிங்காரவேலு கருவியை வாங்கித் திருப்பினார். முகம் மாறியது. "தலைவர் கண்ணைக் குத்தியிருக்கே! யார் செஞ்ச வேலை இது?"

ஹமீதா பானு சட்டென்று முன்னால் வந்தார். "சார், கருவிக்குப் பார்க்கிற இடம் அதுதான். தலைவர் கண்ணாலதான் சார் பிள்ளை படிக்குது."

சிங்காரவேலு அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு மதிப்பெண்ணைப் பார்த்தார்.

"அறுபத்திரண்டு. ரொம்ப சந்தோஷம். குறைபாடு நீங்கிடுச்சு. ஒரு வாரத்துல கருவியைத் திருப்பி ஒப்படைச்சுடுங்க."

"சார், கருவி இருக்கிறதாலதான் அறுபத்திரண்டு. எடுத்துட்டா பழையபடி ஆயிடும். மார்ச்சுல பொதுத்தேர்வு" என்றார் ஹமீதா பானு.

"பழையபடி ஆனா மறுபடியும் விண்ணப்பிக்கட்டும். நாங்க எதுக்கு இருக்கோம்? குறைபாடு இருந்தா கருவி, முன்னேற்றம் இருந்தா திரும்பப் பெறுதல். இல்லேன்னா முன்னேற்றத்துக்கே அர்த்தமில்லாமப் போயிடும்."

வைத்தியலிங்கம் படியிறங்கினார். இந்த நியாயத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று மட்டும் தோன்றியது. பஸ்ஸில் பாதி வழியில் பிடிபட்டது. களர் பிடித்துக் கிடந்த நிலத்தை அவருடைய அப்பா வண்டி வண்டியாக எரு அடித்து விளைய வைத்த பிறகுதான் கட்டளைக்காரர்களுக்கு அது தங்கள் நிலம் என்று நினைவு வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தன் நில வழக்கை நடத்தும் மீரா உசேன் வக்கீலின் வீட்டுக்குப் போனார்.

மீரா உசேன் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த வேலையை விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறவர் அவர்.

"கருவிக்குன்னு சட்டம் ஒண்ணும் இல்ல வைத்தியலிங்கம். சாகுபடி பண்றவனை வெளியேத்தக் கூடாதுன்னு நிலத்துக்குத்தான் சட்டம் இருக்கு. கருவியை அந்த வண்டியிலேயே ஏத்திவிட வேண்டியதுதான்."

"கேப்பாங்களா வக்கீலய்யா?"

"யார் படிக்கப் போறா?"

மனுவில் புல எண் கேட்ட இடத்தில் கருவியின் அடியில் அச்சடித்திருந்த எண்ணை எழுதினார். நான்கெல்லை கேட்ட இடத்தில், கிழக்கே அரிசி டின், மேற்கே மண்சுவர், வடக்கே சாமி படம், தெற்கே மனுதாரரின் மகள் என்று எழுதினார்.

மனு ஏற்கப்பட்டு, சாகுபடி நடக்கிறதா என்று பார்த்து, பயிர்க் கணக்கான அடங்கலைக் கொடுக்கும்படி கிராம நிர்வாக அலுவலருக்குத் தாக்கீது போனது. அவர் வாய்க்கால்மேட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டுக் கருவியைப் பார்த்தார். அச்சடித்த தாளில் இருந்த கட்டங்களை நிரப்பியாக வேண்டும்.

"என்ன பயிரு?"

"பாடம்" என்றாள் வேதநாயகி.

"குறுவையா, சம்பாவா?"

"காலாண்டு, அரையாண்டு."

"இருபோகம்" என்று எழுதினார். "மகசூல்?"

"அறுபத்திரண்டு."

"மூட்டைன்னு போட்டுக்கறேன்" என்றார். போகும்போது, இந்த ஊரில் இவ்வளவு மகசூல் எடுத்தவர் வேறு யாருமில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

விசாரணை நாளன்று கட்டளை நிலத்தில் சம்பா முற்றிப் பழுத்து நின்றது. இன்னும் ஒரு வாரத்தில் அறுக்கலாம். கட்டளைக்காரர்கள் தாங்களே அறுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்ததால், நிலத்துக்கும் இடைக்காலத் தடை கேட்டு மீரா உசேன் ஒரு மனு போட்டிருந்தார். இரண்டும் ஒரே நாளில் வந்தன.

சிங்காரவேலு முதல் கோப்பைப் பிரித்தார். "புல எண் இவ்வளவு நீளமா இருக்கே?"

"புது அளவை அய்யா" என்றார் மீரா உசேன்.

"பரப்பு?"

"ஒரு சாண் நீளம், அரைச் சாண் அகலம்."

"ரொம்பச் சிறு விவசாயிதான்" என்று இரக்கப்பட்டார் சிங்காரவேலு. "பாசனம்?"

"கரண்டு அய்யா."

"கடைமடையில அதுதான் வழி. மகசூல் அறுபத்திரண்டா! இவனைப் போயா வெளியேத்தப் பாக்குறாங்க? யாருய்யா எதிர்மனுதாரர்?" கோப்பைப் புரட்டினார். எதிர்மனுதாரர் இடத்தில் அவருடைய பெயரே இருந்தது. மறுஆய்வுக் குழுத் தலைவர் என்ற முறையில் போட்டிருந்தார்கள். அதை அவர் இரண்டு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதிர்மனுதாரர் ஆஜராகி இருக்கிறார்" என்று பதிவுசெய்யச் சொன்னார்.

அடுத்த கோப்பை எடுத்தபோது நிமிர்ந்தார். "இதுவும் அதே மனுதாரர், அதே ஊர். ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல ரெண்டு தடையாணை குடுத்தா மேல கேள்வி வரும். நான் யாருக்கோ சலுகை காட்டுறேன்னு மொட்டைக் கடுதாசி போடுவாங்க. ஒண்ணுதான். எது வேணும்னு நீயே சொல்லு. உன் உரிமையில நான் தலையிட மாட்டேன்."

மீரா உசேன் காதோடு சொன்னார்: "நிலத்தைக் கேளுங்க. நெல்லு நிக்குது. வருஷச் சாப்பாடு. கருவிக்கு வேற ஏதாச்சும் பார்ப்போம்."

வைத்தியலிங்கத்துக்கும் அதுதான் சரியென்று பட்டது. நிலத்தைத்தான் கேட்கப்போனார். காலையில் வரப்பில் நின்று பார்த்த கதிர்கள் கண்ணில் இருந்தன. நிலம் என்று சொல்ல வாயைத் திறந்தவரின் நாக்கில் வேறு சொல் இருந்தது.

"கருவி அய்யா."

சொன்ன பிறகு அவருக்கே பயமாக இருந்தது. மீரா உசேன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நல்ல முடிவு. சின்ன பரப்பு, பராமரிக்கவும் சுலபம்" என்றார் சிங்காரவேலு. கல்வியாண்டு முடியும் வரை நடப்பு நிலை நீடிக்கலாம் என்று உத்தரவு போட்டார்.

கட்டளைக்காரர்கள் போலீஸ் வேனோடும் அறுவடை மெஷினோடும் வந்தார்கள். மெஷின் ஒரு பகலில் வேலையை முடித்துவிட்டது. ஊர்க்காரர்கள் ரோட்டில் நின்று பார்த்தார்கள். ஞானாம்பாள் வயல் பக்கமே போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நாத்து விட்டதுலேருந்து நான் குனிஞ்ச குனியல் அது. ஒரு பலகைக்கு அதைக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும்.

வேதநாயகி கருவியை அணைத்துவிட்டு வந்து நின்றாள். மெஷின் சத்தத்தில் அது வாசிப்பது கேட்கவில்லை. "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க? எனக்கு மூணு மாசத்துக்கு ஒரு மிஷினு. நெல்லு எல்லாருக்கும்ல?"

"வாயில அதுதான் வந்துச்சு" என்றார் வைத்தியலிங்கம். "போ. போய்ப் படி."

அவள் போகவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். மெஷின் நின்ற பிறகுதான் இரண்டு பேரும் எழுந்தார்கள். அந்த வருஷம் ரேஷன் அரிசி. வைத்தியலிங்கம் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போனார். சாயங்காலம் வீடு திரும்பும்போது கால் வெடிப்பில் உப்பு எரியும். ஞானாம்பாள் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். உள்ளே கருவி குடியரசைப் பற்றியோ அமிலங்களைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருக்கும்.

பொதுத்தேர்வில் கருவியைக் கொண்டுபோக ஹமீதா பானு அனுமதி கேட்டார். அனுமதி வந்தது. அதில் ஒலியெழுப்பாத வகையில் பயன்படுத்த வேண்டும் என்று இருந்தது. அவர் நேரில் போய்க் கேட்டார்.

"சார், அது வாசிக்கிற கருவி. சத்தம் இல்லாம எப்படி வாசிக்கும்?"

"சத்தம் போட்டா மத்த பிள்ளைங்களுக்கு இடைஞ்சல்மா" என்றார் தேர்வுப் பிரிவுக்காரர்.

"காதுல மாட்டிக்கிறதைக் குடுங்க சார்."

"அது மின்னணுச் சாதனம். தேர்வறையில தடை."

"அப்ப தனி அறை குடுங்க."

"தனி அறை குடுத்திருக்கோமே! ஆனா சத்தம் கூடாது. விதி அறையைப் பார்த்து மாறுமா?"

"அப்ப ஒரு ஆளை விட்டு வாசிக்கச் சொல்லுங்க சார்."

"கருவி இருக்கிறவங்களுக்கு ஆள் கிடையாது. நீங்க ஏம்மா குழப்பிக்கிறீங்க? நாம எல்லாம் மனசுக்குள்ள வாசிக்கிறதில்லையா? கருவியும் அப்படியே வாசிக்கட்டும்."

முதல் தேர்வன்று வேதநாயகி தனி அறையில் உட்கார்ந்தாள். கண்காணிப்பாளராக வேறு பள்ளியிலிருந்து ஜெய்னுலாபுதீன் என்ற வரலாற்று ஆசிரியர் வந்திருந்தார். ஓய்வு பெறப்போகிறவர். அவள் வினாத்தாளுக்கு நேரே கருவியைப் பிடித்தாள். மஞ்சள் நிறம் சத்தமில்லாமல் சொல் சொல்லாக நகர்ந்துபோனது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில சொற்கள் பிடிபட்டன. பல சொற்கள் நழுவின. பேனாவைத் திறக்கவில்லை. கண்ணீர் திரையில் விழுந்ததும் அவசரமாகத் தாவணியால் துடைத்தாள்.

ஜெய்னுலாபுதீன் எழுந்து வந்து அனுமதித் தாளை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

"சத்தம் கூட்டுறது எந்தப் பொத்தானும்மா?"

"வேணாம் சார். உங்களுக்குக் கஷ்டம்."

"முப்பத்தஞ்சு வருஷமா கஷ்டம் வராமத்தான் பார்த்துக்கிட்டேன்" என்றார். அவரே தேடிப் பொத்தானை அழுத்தினார். கருவி மறுபடியும் முதலிலிருந்து, தலைவரின் சாதனைகளில் தொடங்கியது. பழைய தலைவரின் சாதனைகள். படத்தை மாற்றியவர்கள் குரலை மாற்ற மறந்திருந்தார்கள். ஜெய்னுலாபுதீன் திடுக்கிட்டு அதன் மேல் தன் கைக்குட்டையைப் போட்டார். "சீக்கிரம் கேள்விக்கு வரச் சொல்லும்மா" என்று கெஞ்சிவிட்டுக் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பறக்கும் படை அன்று வேறு ஊருக்குப் பறந்திருந்தது. அடுத்தடுத்த தேர்வுகளுக்கும் அந்த அறையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வேதநாயகி எல்லாப் பாடத்திலும் தேறினாள். தாலுகாவில் கருவி வாங்கிய பிள்ளைகளில் தேறியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களின் கருவிகளில் படம் பத்திரமாக ஒட்டியபடி இருந்தது.

ஒருத்தி தேறியதற்கும் விழா எடுத்தார்கள். மேடையில் வேதநாயகியையும் வைத்தியலிங்கத்தையும் உட்கார வைத்திருந்தார்கள். ஹமீதா பானுவுக்கு நாற்காலி இல்லாததால் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது.

சிங்காரவேலு பேசினார். "இந்த மாணவி தலைவரின் கண்ணால் படித்தவர். இந்தக் கருவியைத் திரும்பப் பெற வேண்டும் என்று முதலில் உத்தரவிட்டவன் நான். அதற்குத் தடை கொடுத்தவனும் நான். ஆகவே இந்த வெற்றியில் எனக்கு இரண்டு பங்கு உண்டு. குறைபாடு எந்த அளவுக்கு நீங்கியிருக்கிறது என்பதை இப்போது நீங்களே பார்க்கலாம். மாணவி கருவியின் உதவியில்லாமல் நன்றியுரை வாசிப்பார். அதன் பிறகு கருவியை அரசிடம் மகிழ்ச்சியோடு திருப்பி ஒப்படைப்பார்."

ஒப்படைப்பை வாங்க ஒரு தாம்பாளம் தயாராக இருந்தது. அவள் பதினொன்றாவது சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. புதுப் புத்தகங்கள் செங்கல் கனம் இருந்தன.

நன்றியுரைத் தாளை அவள் கையில் கொடுத்தார்கள். வேதநாயகி ஒலிபெருக்கி முன் நின்று தாளைப் பார்த்தாள். அவள் கண் இடமிருந்து வலமாக, வரிவரியாக, ஒரே சீராக இறங்கிக்கொண்டு போனதை வைத்தியலிங்கம் பக்கவாட்டிலிருந்து பார்த்தார். அவள் கடைசி வரிவரை இறங்கினாள். நிமிர்ந்தாள்.

"எனக்கு வாசிக்க வராதுங்க" என்றாள்.

சிங்காரவேலு எட்டித் தாளைப் பார்த்தார்.

"சும்மா வாசிம்மா. எழுத்துக் கூட்டியாவது" என்றார் சிங்காரவேலு.

"ஒரு எழுத்துகூட நிக்க மாட்டேங்குது சார். பன்னெண்டாவது முடியிற வரைக்கும் நிக்காதுன்னு நினைக்கிறேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹமீதா பானு பந்தக்காலின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிங்காரவேலு எரிச்சலோடு பேனாவை எடுத்து, 'பயனாளியிடம் முன்னேற்றம் ஏதுமில்லை. கருவி தொடரலாம்' என்று எழுதித் தேதி போட்டார். வைத்தியலிங்கத்தின் ஆயுசில் இழுத்தடிக்காமல் கிடைத்த ஒரே உத்தரவு அதுதான்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் கேட்டார். "நெசமாவே வரலியா வேதா?"

அவள் கருவியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"'என் வாழ்வில் ஒளியேற்றிய துணை ஆட்சியர் அய்யா அவர்களின் பொற்பாதங்களுக்கு'ன்னு ஆரம்பிச்சிருந்துச்சுப்பா. அதைப் போயி எப்படிப்பா வாசிக்கிறது?"

வேதாரண்யம் பஸ் வந்தது. உட்கார இடமில்லை. வாய்க்கால்மேடு பிரிவு வரை இரண்டு பேரும் நின்றுகொண்டே போனார்கள்.